புழங்காத காசுகளைத் தேடி

ரோம் நகரின் டெர்மினி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பலாட்ஸோ மாஸ்ஸிமோ நிற்கிறது. ரோம தேசிய அருங்காட்சியகத்தின் கட்டடங்களில் ஒன்று. டிக்கெட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைத் தேடிப் போகிறார்கள். ஒன்று, அடிபட்டு ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரனின் வெண்கலச் சிலை. இன்னொன்று, அகஸ்டஸ் பேரரசரின் மனைவி லிவியாவின் மாளிகைச் சுவரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தோட்ட ஓவியம். காசுப் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டும் படியிறங்கி அடித்தளத்துக்குப் போகிறார்கள். அங்கே கனத்த இரும்புக் கதவைத் தாண்டினால் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பேழைகள். ரோமக் குடியரசின் வெள்ளி தினாரியஸ், பேரரசர்களின் தங்க ஔரியஸ், போப்பாண்டவர்களின் காசுகள், இத்தாலிய லீரா என்று இரண்டாயிரம் ஆண்டுச் சில்லறை அங்கே ஓய்வெடுக்கிறது.

இந்தச் செல்வத்தின் பெரும் பங்கு ஒரு தனிமனிதர் சேர்த்தது. மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே, 1900 முதல் 1946 வரை இத்தாலியின் அரசர். முசோலினியை ஆட்சிக்கு அழைத்தவர் என்றுதான் வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. நாணயம் சேர்ப்பவர்களுக்கு அவர் வேறு ஆள். சிறுவயதில் தாதி கொடுத்த ஒன்பதாம் பயஸ் போப்பின் செப்புக்காசில் தொடங்கியது அந்தப் பித்து என்று சொல்வார்கள். வளர்ந்தபோது தொகுப்பு லட்சத்தைத் தாண்டியது. இத்தாலிய மண்ணில் இடைக்காலம் முதல் அச்சான காசுகளையெல்லாம் ஊர்வாரியாகப் பட்டியலிடும் ‘கார்ப்புஸ் நும்மோரும் இத்தாலிகோரும்’ என்ற பெருநூலை 1910 முதல் 1943 வரை இருபது தொகுதிகளாக வெளியிட்டார். முடி துறந்து நாட்டைவிட்டுக் கிளம்பியபோது தொகுப்பை இத்தாலிய மக்களுக்கு விட்டுச் சென்றார்.

நான் பேழைகளுக்கு முன்னால் அதிக நேரம் நின்றது ரோமப் பேரரசர்களுக்காக இல்லை. இந்த அரசரின் சொந்தக் காசுகளைப் பார்க்கத்தான். அவர் பட்டத்துக்கு வந்த மறு ஆண்டு, 1901இல், ஐந்து லீரா வெள்ளிக்காசு ஒன்று அச்சானது. ஒரு பக்கம் அரசர், மறுபக்கம் சவோய் வம்சத்துக் கழுகு. அச்சடித்தது மொத்தமே 114. பின்னாளில், 1930களின் தொடக்கத்தில், இரட்டைக் குதிரைத் தேர் பொறித்த பத்து லீரா காசைப் புழக்கத்துக்கென்று அடிக்காத ஆண்டுகளிலும் சேகரிப்பாளர்களுக்காக மட்டும் ஆண்டுக்கு ஐம்பது அடித்தார்கள். ஐம்பது காசை வைத்துக்கொண்டு எந்த நாடும் வியாபாரம் செய்ய முடியாது. அந்த ஐம்பதும் ஆல்பத்துக்கென்றே பிறந்தவை. ஒரு சேகரிப்பாளர் அரசராகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

‘வரையறுக்கப்பட்ட வெளியீடு’ என்ற சொற்றொடரை இன்று எல்லா நாட்டு நாணயச்சாலைகளின் விளம்பரத்திலும் பார்க்கிறோம். இத்தனை ஆயிரம் மட்டுமே, எண்ணிட்ட சான்றிதழுடன், மரப்பெட்டியில். இது நம் காலத்து வியாபார உத்தி என்று எண்ணியிருந்தவர்கள் இந்த அடித்தளத்துக்கு ஒருமுறை வந்துபோகலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்த்தா போர்த்தேஸே சந்தைக்குப் போனேன். திபேர் ஆற்றின் மேற்குக் கரையில், பழைய நகர வாயிலில் தொடங்கித் தெருத்தெருவாக நீளும் பழைய சாமான் சந்தை. விடியலில் தொடங்கி மதியத்துக்குப் பிறகு சுருட்டிவிடுவார்கள். சட்டை, சைக்கிள் உதிரி, கதவுக் கைப்பிடி, யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பம், இவற்றுக்கு நடுவே மடக்கு மேசை போட்டுக் காசு விற்பவர்கள். ஒரு தட்டு நிறைய லீரா, கிலோக் கணக்கில் கொட்டி வைத்திருந்தது. 2002இல் யூரோ வந்தபோது செத்துப்போன பணம். பக்கத்தில் சிவப்பு வெல்வெட் விரித்த இன்னொரு தட்டில் நல்ல சரக்கு.

கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கவிட்டிருந்த முதியவர் ஒருவர் அந்தத் தட்டிலிருந்து 500 லீரா வெள்ளிக்காசை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பக்கம் மறுமலர்ச்சிக் காலத்து உடையில் ஒரு பெண்ணின் முகம். அதைச் செதுக்கிய பியெத்ரோ ஜாம்பாவோலி தன் மனைவியையே மாதிரியாக வைத்துக்கொண்டார். மறுபக்கம் கொலம்பஸின் மூன்று கப்பல்கள், கீதோ வெரோய் வரைந்தது. “கொடியைப் பாருங்கள்” என்றார் முதியவர், ஆங்கிலமும் இத்தாலியனும் கலந்து. பாய்மரம் காற்றில் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அந்தப் பக்கமே கொடியும் பறந்துகொண்டிருந்தது. “இது சாதாரணம். 1958 முதல் வந்தது. லட்சக்கணக்கில் இருக்கிறது.”

சாதாரணம் இல்லாதது 1957இன் மாதிரிக் காசு. அதில் ‘ப்ரோவா’ என்று பொறித்திருக்கும். ஏறத்தாழ ஆயிரம்தான் அடித்தார்கள். அதில் கொடிகள் எதிர்ப்பக்கமாகப் பறக்கின்றன. பாய் ஒரு திசையில் புடைத்திருக்கக் கொடி மட்டும் எப்படி மறுதிசையில் பறக்கும் என்று கடலோடிகள் கேள்வி எழுப்பினார்கள். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓடும் கப்பலில் அது நடக்கக்கூடியதுதான் என்று இன்னொரு கட்சியும் வாதாடியது. கடைசியில் புழக்கத்துக்கு வந்த காசில் கொடியைத் திருப்பிவிட்டார்கள். திருப்பாத காசு இத்தாலிய சேகரிப்பாளர்களின் கனவாகிவிட்டது. முதியவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டேன். கையை விரித்துச் சிரித்தார். இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலில் உட்கார்ந்திருப்பேனா என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

அரிய காசில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, தற்செயலாக அரிதானது. அச்சில் பிழை, திடீரென்று நின்றுபோன ஆட்சி, உருக்கிவிட்ட கையிருப்பு, கொடியின் திசை பற்றிய சண்டை. இன்னொன்று, அரிதாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து அச்சடித்தது. முதல் சாதிக்கு ஒரு கதை தானாக அமைந்துவிடுகிறது. இரண்டாம் சாதிக்கு ஓர் எண் மட்டும் கொடுக்கப்படுகிறது. இந்த இரண்டாம் சாதியின் தலைநகரங்கள் என்று ஐரோப்பாவில் மூன்று குட்டி நாடுகளைச் சொல்லலாம். வாட்டிகன், சான் மரீனோ, மொனாகோ. மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர்கள் இல்லை. ஆனால் தனி உடன்படிக்கையின் பேரில் மூன்றும் தங்கள் முத்திரையோடு யூரோ காசு வெளியிடுகின்றன. வாட்டிகன், சான் மரீனோ காசுகள் ரோமில் உள்ள இத்தாலிய அரசு நாணயச்சாலையில் அச்சாகின்றன. மொனாகோவுக்கு அச்சடித்துத் தருவது பாரிஸ் நாணயச்சாலை.

பயணத்துக்கு முன் மதுரையில் பழைய காசும் தபால்தலையும் விற்கும் பெரியவர் ஒருவரிடம் விடைபெறப் போயிருந்தேன். “தம்பி, வாட்டிகன்ல டப்பாவுல போட்டு விக்கிறது எதுவும் எனக்கு வேண்டாம். அங்க ஏதாச்சும் சாமான் வாங்குங்க. மிச்சச் சில்லறையில அவங்க காசு வந்துச்சுன்னா அத மட்டும் எடுத்துட்டு வாங்க” என்றார். “வருமாய்யா?” என்று கேட்டதற்கு, “முன்னாடி வராது. இப்ப வருதாம்” என்றார். அவர் சொன்னதில் ஒரு சட்ட வரலாறே இருக்கிறது.

வாட்டிகனின் பரப்பு 44 ஹெக்டேர். குடிமக்கள் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. 2002இல் அது தன் முதல் யூரோ தொகுதியை வெளியிட்டபோது எட்டுக் காசுகளிலும் இரண்டாம் ஜான் பால் போப்பின் முகம். ஒவ்வொரு மதிப்பிலும் 80,000. ஒரு சென்ட்டிலிருந்து இரண்டு யூரோ வரை எட்டையும் கூட்டினால் முகமதிப்பு 3 யூரோ 88 சென்ட். காசுகள் கடைக்குப் போகவே இல்லை. தபால்தலை, நாணய அலுவலகத்திலிருந்து நேராகச் சேகரிப்பாளர்களிடமும் வியாபாரிகளிடமும் போயின. சில மாதங்களில் அந்த மூன்று யூரோ எண்பத்தெட்டு சென்ட் நூற்றுக்கணக்கான யூரோவுக்குக் கைமாறியது.

அதைவிட விசித்திரம் 2005. ஏப்ரல் 2ஆம் தேதி ஜான் பால் மறைந்தார். 19ஆம் தேதி பதினாறாம் பெனடிக்ட் தேர்வானார். இடையில் திருப்பீடம் காலி. அப்படிக் காலியாக இருக்கும் நாள்களில் நிர்வாகத்தைக் கவனிக்கும் கர்தினாலின் சின்னத்தோடு காசு அடிப்பது போப்பாண்டவர்களின் பழைய மரபு. அந்த மரபைத் தொட்டு யூரோவிலும் ‘சேதே வகாந்தே’ தொகுதி வந்தது, எண்ணிக்கை 60,000. இரண்டரை வாரமே நீடித்த ஓர் இடைவெளிக்கு ஒரு முழுப் பணத்தொகுதி. 2013இல் பெனடிக்ட் பதவி துறந்தபோதும் இரண்டு யூரோ காசு ஒன்று அதேபோல் வந்தது.

ஐரோப்பிய ஆணையம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பணம் என்று பெயர் வைத்துவிட்டு அதைப் பணமாக நடமாடவிடாமல் விற்பது சரியில்லை என்று 2009 டிசம்பரில் வாட்டிகனோடு புதிய உடன்படிக்கை போட்டது. அடிக்கும் காசில் குறைந்தது 51 விழுக்காடு முகமதிப்புக்கே புழக்கத்தில் விடப்பட வேண்டும். அதன்பிறகுதான் வாட்டிகனின் 50 சென்ட் காசு லட்சக்கணக்கில் அச்சாகி, சுற்றுலாப் பயணிகளின் மிச்சச் சில்லறையில் வரத் தொடங்கியது.

புனித பேதுரு சதுக்கத்தின் ஓரத்தில் உள்ள வாட்டிகன் தபால் நிலையத்தில் வரிசை நீளமாகத்தான் இருந்தது. போலந்திலிருந்து வந்த யாத்திரிகர் குழு எனக்கு முன்னால் கட்டுக்கட்டாக அஞ்சலட்டை வாங்கியது. நான் இந்தியாவுக்கு அனுப்ப நான்கு அட்டைகளும் தபால்தலைகளும் வாங்கி நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். கவுன்டர் அம்மாள் காசைப் பார்க்காமலே எண்ணித் தள்ளினார். ஒரு ஜெர்மன் கழுகு, ஒரு இத்தாலிய தாந்தே, அப்புறம் மஞ்சள் உலோகத்தில் இரண்டு ஐம்பது சென்ட். அதில் ஒன்று வாட்டிகன்.

வெளியே வந்து தூணோரம் நின்று பார்த்தேன். பன்னிரண்டு நட்சத்திர வளையத்துக்குள் போப் பிரான்சிஸின் சின்னம். குறுக்காக வைத்த இரண்டு சாவிகள், மேலே ஆயர் மகுடம். கேடயத்தின் நடுவே இயேசு சபையின் கதிர்ச்சூரியன். அதன் கீழே ஒரு பக்கம் நட்சத்திரம், மறுபக்கம் திராட்சைக் குலையென்று ஏமாற்றும் நறுந்தைலப் பூ. 2017இல் வாட்டிகன் யூரோவிலிருந்து பிரான்சிஸின் முகம் நீங்கியது. முகம் போட வேண்டாம் என்ற முடிவுக்குப் பிறகு அவர் காலத்தில் சின்னம் மட்டும்தான் வந்தது. ரோம் நாணயச்சாலையைக் குறிக்கும் ‘ஆர்’ எழுத்து ஓரத்தில். விளிம்பு லேசாகக் கருத்திருந்தது. எந்த நாட்டு யாத்திரிகர் எதற்காகக் கொடுத்த காசோ.

அருகிலேயே இருந்த நாணய விற்பனைக் கூடத்துக்குள்ளும் நுழைந்தேன். கருநீலப் பெட்டிகளில் புரூஃப் தொகுதிகள். கண்ணாடியாகப் பளபளக்கும் தளத்தில் பனி படிந்த மாதிரி உருவம் எழும்பி நிற்கிறது. மெருகேற்றிய அச்சாலும் மெருகேற்றிய வில்லையாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து எடுக்கும் வேலை அது. கையுறை போடாமல் தொட முடியாது. அழகு என்றால் அப்படியொரு அழகு. கலைத்திறனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. வாங்க ஆசைப்படுகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். என் கையும் பர்ஸைத் தடவத்தான் செய்தது.

ரோமிலிருந்து சான் மரீனோ போக நேர் ரயில் கிடையாது. பொலோன்யா வரை விரைவு ரயில். அங்கிருந்து அட்ரியாட்டிக் கரையை நோக்கி ரிமினிக்கு. பொலோன்யாவுக்குப் பிறகு சமவெளி. பீச் தோட்டங்கள், திராட்சைக் கொடிகள், இமோலா, ஃபயென்ஸா, ஃபோர்லி, செஸேனா என்று மணிமாலையாக ஊர்கள். செஸேனாவுக்கும் ரிமினிக்கும் நடுவே சவின்யானோ என்றொரு சிறு நிலையம். அதை ஒட்டி ஓடும் குறுகிய ஆறுதான் ருபிகான். ஜூலியஸ் சீசர் படையோடு தாண்டியதாகப் பெயர் பெற்ற ஆறு. ரயில் அதைத் தாண்ட ஒரு நொடிதான் ஆகிறது. எனக்கு அந்த நிலையம் வேறு காரணத்துக்காக முக்கியம். 1781இல் நாணய ஆய்வாளர் பார்த்தொலொமேயோ போர்கேஸி பிறந்த ஊர் அது.

ரிமினி நிலையத்துக்கு எதிரே சான் மரீனோ பேருந்து நிற்கிறது. கடலோர ஓட்டல்களை விட்டு விலகி மேட்டில் ஏறும்போதே திதானோ மலை தெரிந்துவிடுகிறது. 739 மீட்டர் உயரம், செங்குத்தான பாறை விளிம்பில் மூன்று கோபுரங்கள். 1932இல் இந்தச் சரிவில் ஒரு மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1944இல் போர் அதை முடித்துவிட்டது. அந்த ஆண்டு அந்தச் சின்ன நாட்டில் அடைக்கலம் புகுந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ரயில் ஓடிய சுரங்கப் பாதைகளுக்குள் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருந்தார்கள். இன்று எல்லையில் சோதனை கிடையாது. ‘பழைமையான சுதந்திர பூமிக்கு நல்வரவு’ என்ற வளைவு மட்டும் வரவேற்கிறது.

மரீனுஸ் என்ற கல்தச்சர் டயோக்லீஷியன் பேரரசரின் கெடுபிடிக்குத் தப்பி இந்த மலைக்கு வந்து 301இல் ஊரை நிறுவினார் என்பது மரபுக்கதை. அதே 301இல்தான் டயோக்லீஷியன், காசின் மதிப்பு சரிந்து விலைவாசி எகிறுவதைத் தாங்காமல், ரோமப் பேரரசு முழுவதற்கும் உச்சவிலை ஆணை பிறப்பித்தார். ஆணை தோற்றது. மலை மேல் ஊர் நிலைத்துவிட்டது. 61 சதுர கிலோமீட்டர், முப்பதாயிரத்துச் சொச்சம் மக்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் இரண்டு தலைவர்கள். முதல் காசு 1864இல், மிலானில் அடித்து வந்த ஐந்து சென்டெஸிமி செப்பு. 1938க்குப் பிறகு நின்று, 1972இல் மறுபடி தொடங்கினார்கள். தபால்தலையும் காசும் நெடுங்காலம் இந்த நாட்டின் கஜானாவுக்கு முக்கியமான வரவு.

மேலே போனதும் ஒரு காபி குடித்து மிச்சம் வாங்கினேன். வந்ததெல்லாம் இத்தாலிக் காசு. லியோனார்தோவின் வட்டத்துக்குள் கை கால் விரித்து நிற்கும் மனிதன் பொறித்த ஒரு யூரோ, வழக்கமான தாந்தே. சான் மரீனோ காசு வருமா என்று கேட்டதற்குக் கடைப் பெண், “அது தெருவில் கிடைக்காது. எதிர்க்கடையில் கிடைக்கும்” என்று விரலை நீட்டினாள். எதிரே நினைவுப்பொருள் கடை. குறுக்கு வில், தோல் பை, வாசனைத் தைலம், இவற்றோடு ஒரு சுவர் முழுக்கக் காசு அட்டைகள்.

நான் தேடிவந்தது அங்கே இருந்தது. 2004இல் வெளியானது, சான் மரீனோவின் முதல் இரண்டு யூரோ நினைவுக் காசு. அதில் இருப்பவர் அரசரும் இல்லை, புனிதரும் இல்லை. நாணய ஆய்வாளர் போர்கேஸி. அடித்தது 1,10,000. அத்தனையும் அட்டை உறையிலேயே விற்றன. முகமதிப்பு இரண்டு யூரோ. சந்தையில் நூறு யூரோவைத் தொட்டும் தாண்டியும் போகிறது. கடைக்காரர் பெரிய மனசோடு உறையை வெளிச்சத்தில் காட்டினார். கூரிய மூக்கு, அடர்ந்த முடி, தோளோடு நின்றுவிட்ட மார்பளவு. “கையில் வாங்கிப் பார்க்கலாமா?” என்றேன். “உறையைத் திறந்தால் பாதி விலை போய்விடும், ஐயா” என்றார். கோபமே இல்லாமல், வைத்தியர் பத்தியம் சொல்கிற குரலில்.

போர்கேஸி அரசியல் கொந்தளிப்புக்கு ஒதுங்கி 1821இல் இந்த மலைக்குக் குடிவந்து, 1860இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவர் வாழ்நாள் வேலை தேய்ந்த காசுகளோடுதான். ரோமக் குடியரசின் தினாரியஸில் யார் பெயர் எப்படிச் சுருக்கி எழுதியிருக்கிறது, எந்த அச்சு எந்த அச்சுக்கு முந்தியது, எந்தக் காசு எந்தக் காசோடு ஒரே புதையலில் கிடைத்தது என்று பார்த்துப் பார்த்து ரோமக் கான்சல்களின் பட்டியலையும் ஆண்டுக்கணக்கையும் சரிசெய்தார். 1845இல் இளைஞர் ஒருவர் ஜெர்மனியிலிருந்து அவரிடம் பாடம் கேட்க மலையேறி வந்தார். பின்னாளில் ரோம வரலாறு எழுதி 1902இல் இலக்கிய நோபல் பெற்ற தியோடோர் மொம்ஸன்தான் அவர். காசைத் தொட்டு, திருப்பி, எடைபோட்டு வரலாறு எழுதிய மனிதரின் நினைவுக் காசை யாரும் தொடக்கூடாது.

நமக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமத் தங்கக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டியிருந்தார்கள். காசைக் காசாகச் செல்லாமல் ஆக்கி, தங்கத்தைத் தங்கமாக மட்டும் எடைபோடும் ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். சேகரிப்பாளரின் தராசில் அந்த வெட்டு ஒரு குறை. வரலாற்றாசிரியருக்கு அந்த வெட்டுதான் சரக்கு. மிளகும் முத்தும் வாங்க வந்த தங்கத்தை நம் ஊர்க்காரர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று அது சொல்கிறது. உறையைவிட்டு வெளியே வராத இரண்டு யூரோவை இரண்டாயிரம் ஆண்டு கழித்துத் தோண்டி எடுப்பவருக்கு அதிலிருந்து தெரியப்போவது, ஒரு காலத்தில் மனிதர்கள் காசை விலைக்கு வாங்கினார்கள் என்பது மட்டும்தான்.

கடைக்காரரிடம் மொனாகோ காசு பற்றிக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். அதுதான் இந்தத் துறையின் புராணம். 2007இல், கிரேஸ் கெல்லி மறைந்து இருபத்தைந்து ஆண்டு ஆனதையொட்டி மொனாகோ இரண்டு யூரோ வெளியிட்டது. ஹாலிவுட்டை விட்டு இளவரசியாகப் போனவரின் பக்கவாட்டு முகம். எண்ணிக்கை 20,001. இரண்டு யூரோ நினைவுக் காசுகளை வரிசையாகச் சேர்ப்பவர்கள் ஐரோப்பாவில் பெருங்கூட்டம். அவர்கள் ஒவ்வொருவருடைய ஆல்பத்திலும் ஒரு குழி காலியாக இருக்கிறது. அந்தக் குழியின் விலைதான் இன்று அந்தக் காசுக்குக் கிடைக்கும் ஆயிரக்கணக்கான யூரோ. போலிகளும் உலவுகின்றன. அதே மொனாகோ 2013இல் ஐ.நா.வில் சேர்ந்த இருபதாம் ஆண்டுக்கு அடித்த இரண்டு யூரோ பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். அதைச் சல்லிசாக வாங்கலாம். 2015இல் மறுபடி பத்தாயிரம் மட்டும் அடித்தார்கள், மறுபடி விலை ஏறியது. உலோகம் அதே, எடை அதே எட்டரை கிராம். மாறியது அலுவலகத்தில் யாரோ எழுதிய ஓர் எண்.

எண் சிறிதாக இருந்தால் போதும், விலை ஏறிவிடும் என்பதும் பொய். வரிசையாகச் சேர்க்கப் பெருங்கூட்டம் இருக்கும் தொடரில்தான் சிறிய எண்ணுக்கு வலிமை. கேட்க ஆளில்லாத தொடரில் ஐந்நூறு அடித்தாலும் அது பெட்டிக்குள் தூங்கும். உலகத்தின் எத்தனையோ சிறு தீவுகளின் பெயரில், அந்தத் தீவுக்கு வந்தே பார்க்காத வண்ணக் காசுகள் வெளியாகிக்கொண்டே இருக்கின்றன. திமிங்கிலம், டைனோசர், ராசிச் சின்னம், சினிமா நாயகன். அவற்றில் பலவற்றை மறுபடி விற்கப் போனால் வெள்ளியின் எடைக்குத்தான் விலை சொல்வார்கள். இரண்டு யூரோ நினைவுக் காசுக்கு யூரோ வட்டாரம் முழுக்க செல்லுபடி உண்டு. ஐந்து, பத்து யூரோ வெள்ளிக் காசுகளுக்கு வெளியிட்ட நாட்டுக்குள் மட்டும்தான். இந்த வித்தியாசம் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்காது.

நம் நாட்டிலும் இதே ஆசை வளர்ந்துகொண்டுதான் வருகிறது. 1964இல் நேரு நினைவுக் காசோடு தொடங்கிய வழக்கம் அது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று பொறித்து வந்த ஆயிரம் ரூபாய்க் காசு, 35 கிராம், நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. அதைக் கொடுத்து யாரும் அரிசி வாங்கியதில்லை. பெட்டியோடு பீரோவுக்குள் போனது. இன்னொரு பக்கம் பத்து ரூபாய்க் காசின் கதை. நினைவு வெளியீடுகளால் வடிவம் பல ஆகிப்போக, எது நல்லது எது கள்ளம் என்ற வதந்தி கிளம்பி, தமிழ்நாட்டுக் கடைகளிலும் பேருந்துகளிலும் அதை வாங்கவே மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிவிக்க வேண்டியிருந்தது. செல்லாது என்று கண்டக்டர் திருப்பிக் கொடுத்த அந்தக் காசுகளை உட்கார்ந்து வடிவவாரியாகப் பிரித்துச் சேர்த்த பையன்களை எனக்குத் தெரியும். செலவு, காசின் முகமதிப்பு மட்டும். அவர்கள் கற்றுக்கொண்டது, அச்சுச்சாலைக் குறியில் மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை என்பது.

சான் மரீனோவில் நான் போர்கேஸியை வாங்கவில்லை. நாணய அலுவலக வெளியீடுகளில் அந்த ஆண்டின் சாதாரணத் தொகுதி ஒன்றை அதிகாரபூர்வ விலைக்கு வாங்கிக்கொண்டேன். கோபுரங்களை ஏறிப் பார்த்துவிட்டு வந்த நாட்டின் ஞாபகமாக அது ஆல்பத்தில் இருக்கும். விலை ஏறுமா என்று யாராவது கேட்டால் எனக்கு அதில் அக்கறை இல்லை. மதுரைப் பெரியவருக்கு வாட்டிகன் ஐம்பது சென்ட்டைக் கொடுத்தபோது விளிம்பின் கறுப்பைத்தான் முதலில் பார்த்தார். “நல்லாப் பொழங்கியிருக்கு” என்று மெச்சிக்கொண்டார்.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்ல நாலு வார்த்தை உண்டு. புதிய வெளியீடு வேண்டுமென்றால் நாணயச்சாலை அறிவிக்கும் விலைக்கு, முன்பதிவில் வாங்குங்கள். கைமாறி வரும் விலைக்குப் போகாதீர்கள். எத்தனை அடித்தார்கள் என்று பார்ப்பதோடு, அந்தத் தொடரை எத்தனை பேர் சேர்க்கிறார்கள் என்றும் பாருங்கள். உறையையும் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள். விலை உயர்ந்த காசென்றால் தெரிந்தவர் கண்ணில் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் வைத்த பணத்தை இதில் போடாதீர்கள். நாணயச்சாலைகள் அடுத்த ஆண்டும் அடிக்கும், அதற்கடுத்த ஆண்டும் அடிக்கும். எதையும் தவறவிட்டதாக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று மாலை சட்டைப்பையைக் காலி செய்யும்போது காசைத் திருப்பிப் பார்த்து, ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைப் படியுங்கள். தொடங்க அது போதும்.